ஸ்கிரிப்டில் 7 பேனல், வரைந்து வந்தது 5: எதில் நிற்பது, எதை விடுவது?

ஆறாம்கட்டம் கேட்டது:

48 பக்கக் கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதை. கதையும் வசனமும் நான், ஓவியம் நண்பர். பேனல் பேனலாக (கட்டம் கட்டமாக) விவரித்து முழு ஸ்கிரிப்ட் கொடுத்திருக்கிறேன். முதலில் அச்சு, பிறகு இணையம். தம்ப்நெயில் (பக்க அமைப்பைக் காட்டும் சின்னக் கரட்டுப்படம்) எதுவும் கைமாறவில்லை. ஸ்கிரிப்டிலிருந்து நேராகப் பென்சிலுக்குப் போயிருக்கிறார். ஸ்கிரிப்டின் முதல் 12 பக்கங்கள் 13 பக்கமாக வந்திருக்கின்றன. 1 முதல் 6 வரை மையும் ஏறிவிட்டது.

நாலு இடத்தில் ஒத்துப்போகவில்லை.

பக்கம் 4: ஸ்கிரிப்டில் 7 பேனல், அவர் வரைந்தது 5. தம்பி மேஜை இழுப்பறையில் சாவியைப் போடும் பேனல் அடுத்ததோடு கலந்துபோய், சாவியே கண்ணில் படவில்லை. 31-ஆம் பக்கத்தில் கதை அந்தச் சாவியில்தான் திரும்புகிறது.

பக்கம் 5: துரத்தல் காட்சி. 8 பேனல் எழுதியிருந்தேன். அவர் அதை 5, 6 என்று இரண்டு பக்கமாக விரித்துவிட்டார். நன்றாகவே இருக்கிறது. ஆனால் கதவு திறந்ததும் உள்ளே தெரியும் காட்சியை 8-ஆம் பக்கத் தொடக்கத்தில் வைத்திருந்தேன். அது இப்போது 9-க்குத் தள்ளிப்போய்விட்டது.

பக்கம் 12 (ஸ்கிரிப்டில் 11): அம்மா மகள் சண்டை. 4 பேனல், 11 பலூன் (வசனக் குமிழ்), சுமார் 140 சொல். எல்லாமே நெருக்கமான முகங்கள். பலூனுக்கு இடமே இல்லை. வசனத்தைப் பாதியாக்கு என்கிறார். அந்த வசனம் போனால் காட்சியே இல்லை என்பது என் நிலை.

கடைசியாக, பாட்டி பாத்திரம். மற்றவர்கள் இயல்பான உடலமைப்பில் இருக்க, அவர் மட்டும் கேலிச்சித்திரச் சாயலில் வந்திருக்கிறார்.

இதில் எதற்கு நான் உறுதியாக நிற்கலாம்? எது ஓவியர் எல்லை? மீதி 36 ஸ்கிரிப்ட் பக்கத்துக்கு என்ன ஏற்பாடு செய்தால் இது திரும்பத் திரும்ப வராது?

---

திருப்புபக்கம்:

நாலும் ஒரே வகைத் தகராறு இல்லை. ஒன்றாகப் போட்டுப் பேசினால் எதுவுமே தீராது. தனித்தனியாக எடுங்கள்.

சாவி விஷயத்தில் ரசனைக்கு வேலையே இல்லை. 31-ஆம் பக்கத்துக்குத் தேவையான தகவல் 4-ஆம் பக்கத்தில் விடுபட்டிருக்கிறது, திருத்தியே ஆகவேண்டும். அதற்காக 7 பேனலையும் திருப்பிக் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது வாசகர் கண்ணில் சாவி படுவது, அவ்வளவுதான். 5 பேனலுக்குள்ளேயே அது முடியுமா என்று அவரையே கேளுங்கள்.

பாட்டியின் தோற்றம் முழுக்க ஓவியர் எல்லை, ஒரு விதிவிலக்கோடு. மற்ற பாத்திரங்களோடு நிற்கும்போது அவர் வேறு புத்தகத்திலிருந்து வந்தவர் போலத் தெரிந்தால் அது ஒருமைப்பாட்டுப் பிரச்சினை. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

உண்மையில் சிக்கலானது பக்கத் திருப்பம். இடமிருந்து வலமாக வாசிக்கும் புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கம் இடது கை, ஒற்றைப்படை வலது கை. 7-ஐப் படித்துத் தாளைத் திருப்பினால் 8-ம் 9-ம் ஒன்றாகவே கண்ணில் விழும். 8-இன் தொடக்கத்தில் இருந்த அதிர்ச்சி 9-க்குப் போனால், வாசகர் 8-இன் முதல் பேனலைப் படிக்கும் முன்பே ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிடுவார். இதற்குப் பிறகு வரும் எல்லாத் திருப்பங்களும் இதே மாதிரி ஒரு பக்கம் நகர்ந்துவிட்டன என்பதையும் கவனியுங்கள். இருவரும் சண்டை போட வேண்டிய இடம் இது ஒன்றுதான். துரத்தலுக்கு இரண்டு பக்கம் கொடுத்தது நல்ல முடிவாகவே இருக்கலாம், ஆனால் அதற்கான விலையைப் புத்தகம் முழுக்கக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

என் யோசனை: கதவுக்கு முன்னால் இன்னொரு பக்கம் சேருங்கள். வெளிப்பாடு (கதவு திறந்ததும் தெரியும் காட்சி) 10-க்குப் போகும், அது இடது கைப் பக்கம். மொத்தமாக 2 பக்கம் கூடியதால் பின்னால் உள்ள திருப்பங்களும் தங்கள் பழைய இடது, வலது பக்கத்துக்கே திரும்பிவிடும். ஆனால் 50 பக்கம் ஆகிவிடும். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். எனவே பின்னால் 2 பக்கம் குறைக்கவேண்டும். அந்த இரண்டையும் ஒரே இடத்தில், இரண்டு திருப்பங்களுக்கு நடுவில் சேர்த்தே எடுங்கள். ஒன்றை 20-இலும் மற்றதை 35-இலும் எடுத்தால் இடைப்பட்ட திருப்பங்கள் எல்லாம் மறுபடி கெடும்.

இணையத்தில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் படிக்கிற வடிவத்தில் எல்லாப் பக்கமும் திருப்பம்தான். அங்கே கவலை இல்லை. அச்சுக்கு முதலிடம் என்று சொன்னதால் அச்சுக் கணக்கே முடிவு.

---

நிப்பும்மையும்:

ஓவியர் பக்கத்திலிருந்து சில விஷயம்.

7 பேனல் 5 ஆனது சோம்பேறித்தனமா இருக்கணும்னு அவசியமில்ல. உங்க ஸ்கிரிப்டுல அந்தப் பேனல் விவரணைய எடுத்துப் பாருங்க. "தம்பி இழுப்பறையைத் திறந்து, சாவியை உள்ளே போட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறான்" மாதிரி இருக்கா? அது மூணு செயல். ஒரு பேனல்ல ஒரு கணம்தான் வரைய முடியும். எந்தக் கணம்னு ஸ்கிரிப்ட் சொல்லலைன்னா ஓவியர் தனக்குப் பிடிச்ச கணத்தை எடுப்பார். பெரும்பாலும் அது முகம் தெரியிற கணம், அதாவது திரும்பிப் பார்க்கிறது. சாவி அங்கதான் தொலைஞ்சிருக்கும்.

இனிமே எழுதும்போது ஒவ்வொரு பேனல்லயும் கண்டிப்பா இருக்கவேண்டியத மட்டும் தனி வரியில குறிச்சுக் கொடுங்க: "கட்டாயம்: சாவி தெரியணும், இடது கை." மத்தது எல்லாம் ஆலோசனை. ஒரு பக்கத்துக்கு இந்த மாதிரி மூணு நாலு கட்டாயத்துக்கு மேல இருந்தா அது ஸ்கிரிப்ட் இல்ல, வரைபடம். கேமரா கோணம், லாங் ஷாட், க்ளோசப் இதையெல்லாம் கதைக்கு அவசியமான இடத்துல மட்டும் எழுதுங்க. எல்லாப் பேனலுக்கும் கோணம் எழுதினா எது முக்கியம்னு தெரியாது. அப்புறம் எல்லாத்தையும் சேர்த்தே கண்டுக்காம விட்டுருவாங்க.

4-ஆம் பக்கத்துல மை ஏறினாலும் சாவிய மீட்கலாம், பக்கத்த மறுபடி வரைய வேண்டாம். இழுப்பறை இருக்கிற பேனல் அகலமா இருந்தா அதோட மூலையில ஒரு சின்ன உள்பேனல் போடலாம். கையும் சாவியும் மட்டும் தனித்தாள்ல வரைஞ்சு, பக்கத்தை ஸ்கேன் பண்ணின அதே ரெசல்யூஷன்ல ஸ்கேன் பண்ணி ஒட்டணும். கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ. இங்க ஒண்ணு தப்பாப் போகும்: தனித்தாள்ல பெருசா வரைஞ்சுட்டுச் சுருக்கினா கோடு மெலிஞ்சு, பக்கத்துல இருக்கிற கோட்டோட ஒட்டாது. அதே அளவுலயே, அதே நிப்புல வரையணும். உள்பேனலோட ஓரக்கோடும் மத்த பேனல் ஓரக்கோட்டோட தடிமன்லயே இருக்கட்டும்.

பக்கத் திருப்பத்துக்குப் புதுப் பக்கம் சேர்க்கிறதுல எனக்கு உடன்பாடில்ல. கணக்கச் சரிபண்ண ஒரு பக்கம் சேர்த்தா அது கணக்குக்காகச் சேர்த்த பக்கமாவே தெரியும். அதுவும் பெரிய அதிர்ச்சிக்கு முன்னாடி. அதுக்கப்புறம் 2 பக்கம் வெட்டணும்னா இன்னொரு சண்டை. எதிர்த்திசையில போங்க: இப்ப 7, 8-ஆ இருக்கிற ரெண்டையும் ஒரே பக்கமாக்குங்க. ரெண்டும் வெறும் பென்சில்தான், மை ஏறலை. வெளிப்பாடு 8-க்கே திரும்பிடும், மொத்தமும் 48-லயே நிக்கும். துரத்தலுக்கு எடுத்துக்கிட்ட பக்கத்த ஓவியரே திருப்பிக் கொடுத்த மாதிரியும் ஆகும். அந்த ரெண்டு பக்கத்துலயும் மொத்தம் எத்தனை பேனல்?

பாட்டி பத்தி: கேலிச்சாயல்னு பொதுவாச் சொன்னா அவருக்கு எதைத் திருத்துறதுன்னு தெரியாது. எண்ணுங்க. மத்தவங்க ஏழு தலை உயரம் (தலையோட உயரத்தப் போல ஏழு மடங்கு), பாட்டி நாலரைத் தலையா? கண்ணு மத்தவங்களுக்குக் கோடும் இமையுமா இருக்க, பாட்டிக்கு வெறும் புள்ளியா? கோட்டுத் தடிமன் ஒண்ணாவே இருக்கா? இந்த மூணுல ஒண்ணு மட்டும் வேறயா இருந்தா வாசகர் ஏத்துக்குவாங்க, சின்ன உடம்புக்காரப் பாட்டின்னு நினைப்பாங்க. மூணும் வேறன்னா பிசிறு தட்டும். எல்லாப் பாத்திரமும் ஒரே தாள்ல வரிசையா நிக்கிற மாதிரி, முன்பக்கம், பக்கவாட்டு, கோபம், சிரிப்பு, பேசாத முகம் எல்லாம் வச்சு ஒரு மாடல் ஷீட் கேளுங்க. அது இருந்தா பேச்சு அந்தத் தாளைப் பத்தி மட்டும் இருக்கும். ஆனா அவரோட கோடு பிடிச்சுத்தான் சேர்ந்தீங்க. அந்தக் கோட்டுக்குள்ள அவர் என்ன செய்றார்னு நீங்க தீர்மானிக்க முடியாது.

---

பலூன்வால்:

லெட்டரிங் செய்பவரை, அதாவது பலூனில் வசனத்தைப் பொருத்துபவரைக் கேட்காமல் 12-ஆம் பக்கத்தைப் பற்றி இருவர் வாதாடுவதில் பயனில்லை. வசனம் அதிகமா, இடம் குறைவா என்பது அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆங்கில காமிக்ஸில் பலூனுக்கு 25 சொல், பேனலுக்கு 35 சொல் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. உங்கள் பக்கம் 140 சொல், 4 பேனல். அந்தக் கணக்கில் விளிம்பில் நிற்கும். தமிழுக்கு அது பொருந்தாது. நம் சொற்கள் நீளம். வேர்ச்சொல், விகுதி, துணைவினை எல்லாம் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். "சொல்லிக்கொண்டிருந்தாய்" என்ற ஒரு சொல்லே குறுகிய பலூனில் ஒரு வரியை அடைத்துவிடும். மேலே இகர, ஈகாரக் கொக்கியும் கீழே உகர, ஊகாரச் சுழியும் வருவதால் வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும்; 8 பாயிண்ட் எழுத்துக்கு 11 பாயிண்டாவது வைக்காவிட்டால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் கொக்கியில் இடிக்கும். நான் வைக்கும் அளவு: பலூனுக்கு 12 முதல் 15 சொல், பேனலுக்கு 22-ஐத் தாண்டாமல். அதன்படி நீங்கள் சுமார் 50 சொல் அதிகம். ஓவியர் சொல்லும் பாதி வெட்டும் தேவையில்லை. 140-ஐச் சுமார் 90 ஆக்கினால் போதும்.

அந்த 50-இல் கணிசமானதை ஒரு வசனத்தைக்கூடத் தொடாமல் எடுக்கலாம். எழுத்து நடையில் இருந்தால் பேச்சு நடைக்கு மாற்றுங்கள். "நீ என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாயே" என்பது "நீ சொல்லிட்டே இருந்தியே" ஆனால் சொல்லும் குறைகிறது, சொல்லின் நீளமும் குறைகிறது. படத்திலேயே தெரிவதைச் சொல்லும் வரிகளை அடுத்ததாக எடுங்கள். அழும் முகத்துக்கு மேலே "அழுகை வருது" என்ற பலூன் தேவையில்லை. பெயர் சொல்லி அழைப்பதும் அப்படித்தான். பலூன் வால் யாரைக் காட்டுகிறதோ, எதிரே யார் நிற்கிறாரோ, அதிலேயே தெரிந்துவிடும்.

ஓவியர் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பென்சில்தானே, ஸ்கேன் செய்து முகங்களை 80 முதல் 85 விழுக்காடாகச் சுருக்கி, பேனலின் கீழ்ப்பகுதிக்கு இறக்கி, வெளிர்நீலத்தில் அச்சிட்டு அதன்மேல் மை போடச் சொல்லுங்கள். மறுபடி வரைய வேண்டாம், மேலே 15 முதல் 20 விழுக்காடு இடம் கிடைத்துவிடும். மை போட்ட தாளைக் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்யும்போது அந்த நீலத்தை நீக்கிவிடலாம். தோளும் பின்னணியும் கொஞ்சம் புதிதாகச் சேர்க்கவேண்டிவரும், அவ்வளவுதான்.

சுருக்கும் முன் இதைக் கவனியுங்கள்: முதலில் பேசுபவர் பேனலில் இடதுபக்கம் இருக்கிறாரா? மகள் முதலில் பேசி, அவள் வலதுபக்கம் நின்றால், அவள் பலூனை மேலே தூக்கி, வால் நீண்டு, அம்மாவின் பலூனைச் சுற்றிக்கொண்டு வரும். வாசகர் பதிலை முதலிலும் கேள்வியை அடுத்தும் படிப்பார். ஒரு பேனலில் மட்டும் என்றால் இருவரையும் இடம் மாற்றிவிடாதீர்கள். அடுத்த பேனலில் அம்மா வலப்பக்கமிருந்து இடப்பக்கம் தாவியது போலாகிவிடும். பேச்சு வரிசையை மாற்ற முடியுமா என்று நீங்கள்தான் பாருங்கள். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் எழுத்தாளர். ஒரு வரியை முன்பின் மாற்ற ஐந்து நிமிடம்; படத்தை மாற்ற ஒரு நாள்.

மீதிப் பக்கங்களுக்கு: தம்ப்நெயில் வந்தவுடன், பென்சில் தொடங்கும் முன், அச்சாகும் அளவுக்கு அதைப் பெரிதாக்கி, உண்மையான எழுத்துருவில், உண்மையான பாயிண்டில் வசனத்தை மேலே வைத்துப் பாருங்கள். பலூன் அழகாக இருக்கவேண்டியதில்லை, வெறும் வெள்ளை நீள்வட்டம் போதும். பக்கத்துக்குப் பத்து நிமிட வேலை. எந்தப் பேனல் திணறுகிறது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரியும்.

மென்பொருளில் ஒரு எச்சரிக்கை. அடோபி மென்பொருள்களில் பத்தி அமைப்பு இந்திய எழுத்துகளுக்கான தேர்வில் இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" உடைந்துவிடும். லெட்டரிங் எப்போதும் படத்தோடு இணைக்காத தனிக் கோப்பாக, வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வடிவமாக) இருக்கட்டும். கடைசி நாளில் ஒரு சொல் மாற்ற ஓவியரைத் தொந்தரவு செய்யவேண்டிவராது.

---

ஆறாம்கட்டம்:

மூவருக்கும் நன்றி. கேட்டதற்குப் பதில்: இப்போது 7-ஆக இருப்பதில் 4 பேனல், 8-இல் 5 பேனல். 8-இல் மூன்று பேனல் தாழ்வாரத்தில் நடந்து வருவதுதான்.

சாவிக்கு உள்பேனல் போட அவர் ஒப்புக்கொள்கிறார். ஸ்கிரிப்ட் விவரணையில் மூன்று செயல் இருந்தது உண்மை. 12-ஐச் சுருக்கி வைப்பதில் மட்டும் தயங்குகிறார். முகங்கள் நெருக்கமாக இருப்பதே அந்தப் பக்கத்தின் மூச்சுமுட்டல், இடம் விட்டால் அது போய்விடும் என்கிறார். பென்சில் முடிந்த பிறகு மாற்றம் கேட்பதே முறையில்லை என்றும் சொல்கிறார். இப்படி ஒரு இடத்தில் இருவரும் நின்றுவிட்டால் கடைசிச் சொல் யாருடையது?

---

நிப்பும்மையும்:

தாழ்வாரத்துக்கு மூணு பேனல்னா வழி கிடைச்சாச்சு. அந்த மூணையும் பக்கத்தோட முழு உயரத்துக்கு ஒரே ஒடுக்கமான செங்குத்துப் பேனலாக்கலாம், தாழ்வாரம் நீண்டு போறது அதுலயே வந்துடும். மொத்தம் 7 பேனல். கதவுப்பிடியில கை இருக்கிற பேனல் வலது கீழ் மூலையில, 7-ஆம் பக்கத்தோட கடைசியா இருக்கணும். அதுல வசனம் வேண்டாம். செங்குத்துப் பேனல இடது ஓரத்துல வைங்க. நடுவுல வச்சா அதுக்கு வலதுபக்கம் இருக்கிற பேனல்களுக்கு எப்பப் போறதுன்னு கண்ணு தடுமாறும்.

12 பத்தி அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. மூச்சுமுட்டல் வேணும்னா முகத்தச் சுருக்காதீங்க. அதுக்குப் பதிலா பலூனே முகத்து மேல ஏறட்டும்: நெத்தி, தலைமுடி, தோள், பேனல் ஓரம். கண்ணையும் வாயையும் மட்டும் விட்டுடணும். பலூன் பேனல் ஓரத்துல வெட்டுப்பட்டு நின்னா நெருக்கம் இன்னும் கூடும். ஆனா அதுக்கும் 90 சொல்தான் உச்சம். அவர் நெருக்கத்த வச்சுக்கட்டும், நீங்க 50 சொல்ல விடுங்க. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு விட்ட மாதிரி.

---

பலூன்வால்:

இது என் யோசனையைவிட நல்லது. 11 பலூனை 8 ஆக்கினால் போதும், பேனலுக்கு இரண்டு. ஒரே ஆள் அடுத்தடுத்துப் பேசும் இரண்டு பலூன்களை இணைப்புக் கழுத்தால் சேர்த்தால் ஒரு வால் மிச்சம். பக்கத்தின் வெளி ஓரத்தில் நிற்கும் பலூன் என்றால், எழுத்து வெட்டுக்கோட்டுக்கு (அச்சானபின் தாளை வெட்டும் கோடு) 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். படம் 3 மில்லிமீட்டர் வெளியே நீளட்டும்.

---

மூன்றாம்வாசகர்:

"கடைசிச் சொல் யாருடையது" என்ற கேள்விக்கு வருகிறேன். 13 பக்கம் வரைந்த பிறகு கேட்டால் எந்தப் பதிலும் ஒருவரைப் புண்படுத்தும். வரும் பக்கங்களுக்கு முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

பென்சிலுக்குப் பிறகு மாற்றம் கேட்பது முறையில்லை என்று அவர் சொல்வது சரி. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க ஒரு நிலை இருந்திருக்கவேண்டும், அது இருக்கவில்லை. எனவே வேலையை இப்படி ஓட்டுங்கள்: ஸ்கிரிப்ட் முழுதும் ஒருமுறை ஓவியர் படித்து, பேனல் எண்ணிக்கையில் எங்கே இடறுகிறது என்று பக்கத்துக்கு ஒரு குறிப்பு தருகிறார். பிறகு தம்ப்நெயில், ஒரு காட்சி முழுமையாக, எட்டுப் பத்துப் பக்கம் சேர்த்து. ஒவ்வொரு பக்கமாக அனுப்பினால் திருப்பங்கள் நகர்வது கண்ணில் படாது.  அவற்றை எதிரெதிர்ப் பக்கங்களாகச் சேர்த்து வைத்துப் பாருங்கள், 8-ம் 9-ம் ஒன்றாக, 10-ம் 11-ம் ஒன்றாக. கரட்டு லெட்டரிங் அதன்மேல் ஏறுகிறது. இருவரும் ஒப்புக்கொண்ட நாளைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். அதோடு அந்தக் காட்சி பூட்டப்படுகிறது. அதன்பின் நீங்கள் பலூனுக்குள் மட்டும் மாற்றலாம், அதுவும் நீளம் கூடாமல். அவர் பேனலுக்குள் மட்டும் மாற்றலாம், அதுவும் "கட்டாயம்" என்று குறித்ததைத் தொடாமல். பேனல் எண்ணிக்கையோ பக்க எண்ணிக்கையோ மாறவேண்டுமானால் இருவர் சம்மதமும் வேண்டும். கடைசிச் சொல் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பங்கீடே தீர்த்துவிடும்.

அதற்கும் மீறி முட்டினால், மூன்றாம் ஆள் ஒருவரிடம் லெட்டரிங்கோடு அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். ஒரு விளக்கமும் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி மட்டும்: என்ன நடந்தது, யார் யார் இருக்கிறார்கள், எந்த வரிசையில் படித்தீர்கள். "பிடித்ததா" என்று கேட்கவே கூடாது. கேட்டால் அவர் நடுவராகிவிடுவார், இருவரில் ஒருவர் தோற்றவராகிவிடுவார். சாவி தெரிந்ததா, பதில் கேள்விக்கு முன்னால் படிக்கப்பட்டதா என்பதற்கெல்லாம் இதில் தெளிவான விடை கிடைக்கும். வெறும் ரசனை என்று மிஞ்சுவது, படத்தில் என்றால் ஓவியருக்கு, சொல்லில் என்றால் உங்களுக்கு. அதில் வாதமே வேண்டாம்.

குறிப்பு எழுதும் விதமும் முக்கியம். "இந்தப் பேனல் சரியாக வரவில்லை" என்பது குறிப்பாகாது. "4.3: சாவி தெரியவில்லை, 31.2-க்குத் தேவை" என்று பக்க எண்ணும் பேனல் எண்ணும் காரணமும் வரட்டும். தீர்வை நீங்களே எழுதாதீர்கள். உள்பேனலா, கோணமாற்றமா என்பதை அவர் கண்டுபிடிக்கட்டும். எல்லாம் ஒரே கோப்பில், ஒரே தடவையில். குரல் பதிவுகளாக நாலு நாள் சிதறி வந்தால் ஆறாவது குறிப்பு முதலாவதோடு முரண்படும், ஓவியர் எதைச் செய்வது என்று தெரியாமல் நிறுத்திவிடுவார். மாற்றம் கேட்பது ஒரு காட்சிக்கு ஒரு சுற்று. பூட்டிய பிறகு எழுத்தாளர் மனம் மாறினால் மறுபடி வரைவதற்கு என்ன ஈடு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. துரத்தலை ஒரு பக்கத்திலிருந்து இரண்டாக்கியது கதைசொல்லும் வேலை. புத்தகத்தில் அவருக்கு "ஓவியம்" என்று மட்டும் போடப்போகிறீர்களா? 1960-களில் அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனமான மார்வெலில் எழுத்தாளர் ஸ்டான் லீ கதைச் சுருக்கம் மட்டும் கொடுத்துவிட்டு, ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்ற ஓவியர்கள் பேனல்களாக வளர்த்து வரைந்த பிறகு வசனம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. எது யாருடைய படைப்பு என்ற சண்டை அவர்கள் காலத்தோடு முடியவில்லை. கிர்பியின் வாரிசுகளுக்கும் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு 2014-இல்தான் சமரசமானது. உங்களுடையது முழு ஸ்கிரிப்ட் முறை, அந்த அளவுக்குக் குழப்பமில்லை. இருந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: அட்டையில் பெயர் வரிசை, பாத்திரங்களின் உரிமை இருவருக்கும் சமமா, அசல் ஓவியத்தாள் யாரிடம் (வழக்கமாக ஓவியரிடம்), மொழிபெயர்ப்பு, படமாக்கல் உரிமைக்கு இருவர் கையெழுத்தும் வேண்டுமா, ஒருவர் நடுவில் விலகினால் மற்றவர் வேறு ஆளை வைத்துத் தொடரலாமா, அதுவரை வரைந்த பக்கங்களைப் பயன்படுத்தலாமா. கூட்டுப் படைப்புக்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. எழுதாமல் விட்டால் இருவரும் நினைக்காத ஒரு விதி உங்களைக் கட்டிவிடலாம். இதில் எல்லோரும் தள்ளிப்போடுவது விலகல் பற்றிய வரி. நல்லுறவு இருக்கும்போதே அதை எழுதிவிடுங்கள்.

---

திருப்புபக்கம்:

7, 8-ஐ ஒன்றாக்குவதே சரி. தாழ்வாரம் மூன்று பேனல் என்று தெரிந்த பிறகு பக்கம் சேர்க்கும் என் யோசனைக்கு இடமில்லை. ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: பழைய 7-இன் நாலு பேனலில் 31-க்கோ வேறெதற்கோ வேண்டிய தகவல் ஏதாவது இருக்கிறதா? சுருக்கும்போது சாவி போனது போல அதுவும் போகும். ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒருமுறை பின்னாலிருந்து முன்னாலே படித்து, 48-இலிருந்து ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்கூட்டியே காட்டியிருக்கவேண்டியது எந்தப் பக்கம், எந்தப் பேனல் என்று ஒரு அட்டவணை போடுங்கள். மூன்று நெடுவரிசை போதும்: பொருள், முதலில் தெரியும் இடம், பயன்படும் இடம். "சாவி, 4.3, 31.2." அதை அவரிடம் தம்ப்நெயிலுக்கு முன்பே கொடுத்துவிட்டால், மீதிப் பேனல்களை அவர் எப்படிச் சேர்த்தாலும் பிரித்தாலும் நீங்கள் பதறவேண்டியதில்லை.

---

ஆறாம்கட்டம்:

அட்டவணை போட்டுப் பார்த்தேன். பழைய 7-இன் இரண்டாம் பேனலில் சுவர்க்கடிகாரம் 10.20 காட்டவேண்டும், 22-இல் அது வருகிறது. பென்சிலில் கடிகாரம் இருக்கிறது, முள் இல்லை. "கட்டாயம்" என்று குறித்து அனுப்புகிறேன். 12-க்கு 8 பலூன், 88 சொல்லில் புது வசனம் எழுதியாயிற்று. கரட்டு லெட்டரிங்கோடு அவருக்குப் போகிறது.

---

நிப்பும்மையும்:

கடிகாரம் அந்தப் பேனல்ல எவ்வளவு பெருசுன்னு பாருங்க. அச்சுல ஒரு சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா 10.20-ம் 3.50-ம் வாசகருக்கு ஒண்ணாத்தான் தெரியும், ரெண்டு முள்ளும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் நிக்குது. நீளம் மட்டும்தான் மாறுது. 12.00-னு மாத்த முடிஞ்சா மாத்துங்க, 22-லயும் சேர்த்து.